காரக் கையும் காகிதக் கொக்கும்: வாசகர் கேள்வி – பதில்

1992 ஏப்ரல் 16 அன்று ஹாங்காங்கில் வெளியான, ஜான் வூ இயக்கிய 'ஹார்ட் பாயில்ட்' என்னும் கான்டனீஸ் படத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் இந்தப் பகுதியின் வழக்கமான அளவைத் தாண்டிவிட்டதால், இம்முறை முழுப் பக்கங்களையும் அந்த ஒரு படத்தில் பணியாற்றியவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேநீர் மாளிகை ஒன்றில் நடக்கும் துப்பாக்கிச் சண்டையில் தன் கூட்டாளியைப் பறிகொடுக்கும் 'டெக்கீலா' என்ற காவல் அதிகாரி (சோவ் யுன்-ஃபாட்), ஆயுதக் கடத்தல் கும்பலைத் துரத்துகிறார். அந்தக் கும்பலுக்குள்ளேயே அடியாள் வேடத்தில் இன்னொரு காவலர் (டோனி லியூங்) ஒளிந்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டு, கும்பலின் ஆயுதக் கிடங்கு மறைந்திருக்கும் மருத்துவமனையில் இறுதிச் சண்டைக்குப் போகிறார்கள்.

படத்தின் பெயரைக் கேட்டால் வேகவைத்த முட்டை நினைவுக்கு வருகிறதே! சீன மொழியிலும் இதே பெயர்தானா? — ஒரு வாசகர், திண்டுக்கல்

முட்டைக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. வெந்து இறுகிய முட்டையைக் குறிக்கும் அந்தச் சொல்லை, மனம் இறுகிப்போன துப்பறிவாளர்களைப் பற்றிய அமெரிக்கக் கதைகளுக்கு அடைமொழியாக்கினார்கள். அதுவே இந்தப் படத்துக்கு ஆங்கிலத் தலைப்பாக வந்தது. கான்டனீஸ் தலைப்பு வேறு. 'லாட் சாவ் சான் தாம்' என்று ஏறக்குறைய ஒலிக்கும் அதில் 'லாட்' என்பது காரத்தைக் குறிக்கும் சொல். 'சாவ்' என்றால் கை. காரக் கைக்காரர், அதாவது ஈவிரக்கமில்லாமல் அடிக்கும் கையை உடைய தேர்ந்த துப்பறிவாளர் என்று பொருள் கொள்ளலாம். மிளகாயின் குணத்தை மனிதரின் கைக்கு ஏற்றிச் சொல்வது நமக்கு அந்நியமாகப் படாது என்பதால், தமிழில் எப்போதாவது இதை வெளியிட்டால் மூலத் தலைப்பையே பெயர்த்து வைக்கலாம் என்பது நம் கட்சி.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'சீன மொழி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஹாங்காங்கின் வீட்டு மொழியும் தெரு மொழியும் கான்டனீஸ். பீஜிங்கின் அரசு மொழியான மாண்டரின் மட்டுமே அறிந்த ஒருவருக்கு அது காதால் கேட்டுப் புரியாது.

திரைக்கதை என்று ஒருவர் பெயரும், கதை என்று இயக்குநர் பெயரும் போடுகிறார்கள். உண்மையில் யார் எழுதியது? — ஒரு வாசகி, தஞ்சாவூர்

திரைக்கதை ஆசிரியராகப் பெயர் பெற்றவர் பாரி வோங். 1980-களின் ஹாங்காங் வணிக சினிமாவில் அவருடைய கை படாத வெற்றிப் படங்கள் குறைவு. சம்மோ ஹங் நிறுவனத்தின் அதிரடி நகைச்சுவைப் படங்களுக்கும், 1985-இல் வந்து பெரும் ஓட்டம் ஓடிய குதிக்கும் பேய்ப் படத்துக்கும் எழுதியவர் அவர். கதையின் முதல் வடிவம் இன்று நாம் பார்ப்பதைப் போன்றதே அல்ல. டோனி லியூங் ஏற்றிருக்கும் பாத்திரம் முதலில் குழந்தைகளின் பாலில் நஞ்சு கலக்கும் மனநோயாளியாக இருந்தது. இப்படியொரு கதையை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற தயக்கம் தயாரிப்புத் தரப்பில் எழவே அது கைவிடப்பட்டு, கும்பலுக்குள் ஒளிந்திருக்கும் காவலர் என்ற பாத்திரம் பிறந்தது.

இந்த மாற்றங்கள் நடந்துகொண்டிருந்த 1991-ஆம் ஆண்டிலேயே பாரி வோங் காலமாகிவிட்டார். திரைக்கதை முழுமை பெறாமல் நின்றது. அதன் பிறகு நடந்தவற்றைத்தான் நாம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எழுத்தாளர் விட்டுச்சென்ற இடத்தை இயக்குநர் ஜான் வூ, நடிகர்கள், சண்டைப் பயிற்சியாளர், படத்தொகுப்பாளர்கள் எனப் பலரும் படப்பிடிப்புத் தளத்திலேயே நிரப்ப வேண்டியதாயிற்று. படத்தின் கதை ஆங்காங்கே ஒட்டுப்போட்டதைப் போல இருப்பதற்கும், அதே வேளையில் ஒவ்வொரு காட்சியும் தனித்த உயிரோடு துடிப்பதற்கும் காரணம் இதுவே. தொடக்கத்தில் வரும் தேநீர் மாளிகைச் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய கட்டடம் இடிக்கப்படவிருந்ததால், திரைக்கதை முடிவாகும் வரை காத்திருக்க நேரமில்லாமல் முதலிலேயே அங்கே போய்ப் படமாக்கி விட்டார்கள். காலைத் தேநீருக்கு வருகிறவர்கள் தங்கள் பாடும் பறவைகளைக் கூண்டோடு கொண்டுவந்து மேலே தொங்கவிடும் பழக்கமுள்ள இடம் அது. இன்று ஒரு காலத்தின் ஆவணமாகவும் அந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருப்பது தற்செயலான லாபம்.

அந்தச் சண்டையின் முடிவில் டெக்கீலா சமையலறைக்குள் விழுந்து, முகமெல்லாம் மாவு அப்பி, வெள்ளைச் சிலை போல எழுந்து நிற்பார். எதிரியை மிக அருகில் வைத்துச் சுடும்போது அந்த வெள்ளை முகத்தில் சிவப்புத் துளிகள் தெறிக்கும். வசனமே இல்லாத இந்தச் சில வினாடிகளில் அவர் எத்தகைய காவலர் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. தாளில் எழுதி முடிக்கப்படாத ஒரு பாத்திரத்தை மாவும் சிவப்புச் சாயமும் எழுதி முடித்தன.

டோனி லியூங் என்ற பெயரில் இரண்டு நடிகர்கள் இருக்கிறார்களாமே? இதில் நடித்தவர் யார்? — ஒரு வாசகர், மதுரை

இரண்டு பேர் இருப்பது உண்மை. ஒருவர் டோனி லியூங் கா-ஃபாய். மற்றவர் டோனி லியூங் சியு-வாய். இந்தப் படத்தில் நடித்தவர் சியு-வாய். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னும் வரும். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னால் போட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும். 'சோவ் யுன்-ஃபாட்' என்பதில் சோவ் குடும்பப் பெயர். யுன்-ஃபாட் அவருக்கு இட்ட பெயர். லியூங்குகளுக்கு ஆங்கிலப் பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றாகிவிட்டதால், பின்னால் வரும் இரண்டு அசைகளே அவர்களைப் பிரித்துக் காட்டுகின்றன.

சியு-வாய் 1962-இல் பிறந்தவர். தொலைக்காட்சி நிறுவனத்தின் நடிப்புப் பயிற்சி வகுப்பிலிருந்து வந்தவர். 1989-இல் தைவானில் எடுக்கப்பட்ட, வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற படத்தில் அவர் பேச இயலாதவராக நடித்தார். அந்தப் படத்துக்கு வேண்டிய மொழி அவருக்கு வராததே அப்பாத்திரம் ஊமையானதற்குக் காரணம் என்பது பிரசித்தமான செய்தி. குறையைக் கண்களால் ஈடுகட்டும் அந்தப் பழக்கம் 'ஹார்ட் பாயில்ட்' படத்திலும் அவருக்குத் துணை நிற்கிறது. அவர் ஏற்ற பாத்திரம் ஒரு படகில் தனியாக வாழ்கிறது. தன் கையால் ஒருவரைக் கொல்ல நேரும் ஒவ்வொரு முறையும் காகிதத்தில் ஒரு கொக்கு மடித்துத் தொங்கவிடுகிறது. நூலகத்தில், ஷேக்ஸ்பியர் தொகுப்பு ஒன்றின் உள்ளே ஒளித்து வைத்த துப்பாக்கியால் அவர் ஒருவரைச் சுட்டுவிட்டு வெளியேறும் காட்சியில் முகம் அசையவே அசையாது; கொக்கு மடிக்கும் காட்சியில்தான் அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது தெரியவரும்.

2000-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும், 2023-இல் வெனிஸ் விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கமும் பெற்றவர் இவரே.

மருத்துவமனைச் சண்டையில் ஒரு பகுதி வெட்டே இல்லாமல் நீள்கிறது. ஏதேனும் தந்திரம் செய்து ஒட்டியிருப்பார்களோ? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ஒட்டவில்லை. ஏறத்தாழ இரண்டு நிமிடம் நாற்பது வினாடி நீளும் அந்தக் காட்சி ஒரே ஓட்டத்தில் எடுக்கப்பட்டது. ஆனால் தந்திரம் ஒன்று இருக்கிறது, அது படச்சுருளில் அன்றித் தளத்தில் செய்யப்பட்டது.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். இயங்கும் மருத்துவமனை எதிலும் இப்படிக் கண்ணாடிகளை உடைத்துத் தீ மூட்ட யாரும் அனுமதிக்க மாட்டார்கள் என்பதால், கோகோ-கோலா பானம் நிரப்பும் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றை மருத்துவமனையாக மாற்றியமைத்தார்கள். அங்கே வாரக்கணக்கில் படப்பிடிப்பு நடந்தது. இப்போது காட்சிக்கு வருவோம். டெக்கீலாவும் ஒளிந்திருந்த காவலரும் ஒரு நடைவழியில் எதிரிகளைச் சுட்டுக்கொண்டே முன்னேறுகிறார்கள். கேமரா அவர்களுடனேயே நடக்கிறது. அந்தக் குழப்பத்தில் ஒளிந்திருந்தவர் தவறுதலாக ஒரு காவலரையே சுட்டுவிடுகிறார். இருவரும் லிஃப்டுக்குள் நுழைய, கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே, தான் சுட்டது யாரை என்பதை உணர்ந்து ஒருவர் உறைந்து போகிறார். மற்றவர் அவரை உலுக்கி மீண்டும் சண்டைக்குத் தயார் செய்கிறார். கதவு திறக்கும்போது அவர்கள் வேறொரு தளத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

உண்மையில் அந்த லிஃப்ட் எங்கும் போகவில்லை. கதவு மூடியிருந்த சுமார் 20 வினாடிகளுக்குள், வெளியே காத்திருந்த தொழிலாளர்கள் அதே நடைவழியில் சிதறிக் கிடந்தவற்றை வாரி ஒதுக்கி, வேறு தளமாகத் தோன்றும்படி மாற்றியமைத்து, சண்டைக் கலைஞர்களை இடத்தில் நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள். உள்ளே இரு நடிகர்கள் குற்றவுணர்வை நடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே துடைப்பமும் கையுமாக ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். லியூங் ஒரு வார்த்தை தடுமாறியிருந்தாலோ, ஒரு வெடி பிந்தியிருந்தாலோ முழுக் காட்சியையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். வெட்டில்லாக் காட்சி என்று இதை எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கோ, அந்தக் காட்சியின் நடுவே கதவை மூடிவிட்டு இரண்டு மனிதர்களைப் பேசவிட்ட துணிச்சல்தான் பெரிதாகப் படுகிறது. கூட்டிப் பெருக்கியவர்களுக்குத் தேவைப்பட்ட நேரமும் கதைக்குத் தேவைப்பட்ட மூச்சு வாங்கும் இடைவெளியும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

ஒளிப்பதிவு செய்தவர் வோங் விங்-ஹாங். 1986-இல் வூவுக்கும் சோவுக்கும் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்த 'எ பெட்டர் டுமாரோ' படத்துக்கும் அவரே ஒளிப்பதிவாளர்.

ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு வரும் அந்த வில்லன் யார்? கதாநாயகர்களைவிட அவர்தான் மனத்தில் நிற்கிறார். — ஒரு வாசகி, திருநெல்வேலி

உங்கள் கண்ணுக்கு முதலில் ஒரு பாராட்டு. 'மேட் டாக்' என்று அழைக்கப்படும் அந்த அடியாள் வேடத்தில் நடித்தவர் பிலிப் க்வோக். குவோ சூய் என்றும் சொல்வார்கள். இந்தப் படத்தின் சண்டை வடிவமைப்பாளரும் அவரே. முதலில் சண்டைகளை அமைக்க மட்டுமே அவரை அழைத்திருந்தார்கள். அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிட்டு அவருக்காகவே இந்தப் பாத்திரத்தை உருவாக்கினார் ஜான் வூ. நான் முன்பு சொன்ன முடிவுபெறாத திரைக்கதையின் பலன்களில் இதுவும் ஒன்று. எல்லாம் முன்கூட்டியே எழுதி முடிக்கப்பட்டிருந்தால் இந்த மனிதருக்கு அதில் இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

க்வோக் தைவானில் பிறந்து, சிறுவயதிலேயே, பாட்டும் கழைக்கூத்தும் கலந்த சீன நாடகமான பீகிங் ஓபராவில் உடற்பயிற்சி பெற்றவர். 1970-களின் பிற்பகுதியில் ஷா பிரதர்ஸ் நிறுவனத்துக்காக இயக்குநர் சாங் செ எடுத்த குங்ஃபூ படங்களில், ஐந்து விஷப் பிராணிகளின் பெயரால் அறியப்பட்ட நடிகர் கூட்டத்தில் ஒருவராகப் புகழ் பெற்றார். 1978-இல் வந்த படத்தில் அவர் சுவரில் ஏறும் பல்லி. அதே சாங் செ-யிடம் 1970-களின் தொடக்கத்தில் உதவி இயக்குநராக இருந்தவர் ஜான் வூ. ஆக, இந்தப் படத்தின் இயக்குநரும் சண்டைப் பயிற்சியாளரும் ஒரே குருகுலத்தின் இரு வேறு காலத்து மாணவர்கள். வாளேந்திய வீரன் கொடுத்த வாக்குக்காக வயிற்றில் காயத்தோடு நின்று போராடுவது சாங் செ-யின் பழைய படங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. வாளுக்குப் பதில் இரண்டு கைகளிலும் துப்பாக்கியைக் கொடுத்தவர் வூ. படிக்கட்டின் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டே சோவ் இரண்டு துப்பாக்கிகளாலும் சுடும் காட்சியில் ஓபராக் கழைக்கூத்தின் சாயல் தெரிவதற்கு இந்தப் பின்னணியே காரணம் என்று சொல்வேன்.

பாத்திரத்துக்கு வருவோம். மேட் டாக் கொலைகாரன்தான். ஆனால் அவனுக்கென்று ஓர் எல்லை உண்டு. மருத்துவமனையில் அவனுக்கும் ஒளிந்திருந்த காவலருக்கும் நேருக்கு நேர் சண்டை மூளும்போது, இடையில் நோயாளிகள் சிலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். இருவரும் துப்பாக்கியைத் தாழ்த்தி அவர்கள் போக வழிவிடுகிறார்கள். பிறகு வரும் தலைவனோ யோசிக்காமல் நோயாளிகளைச் சுட்டுத் தள்ளுகிறான். அந்தக் கணத்தில் மேட் டாக் தன் தலைவனுக்கு எதிராகவே திரும்புகிறான். அதற்காக உயிரையும் விடுகிறான். மிகக் குறைந்த வசனத்தில், நிற்கும் நிலையாலும் துப்பாக்கியைப் பிடிக்கும் விதத்தாலும் இதையெல்லாம் புரியவைக்க, உடம்பாலேயே பேசிப் பழகிய ஒரு கலைஞர் தேவைப்பட்டார்.

இதற்குப் பிறகு 1997-இன் ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் தளபதி வேடத்தில் வந்தார். 2001-இல் வெளியான பிரெஞ்சுப் படமொன்றுக்குச் சண்டைகளை அமைத்தார்.

சண்டைப் பயிற்சியாளர்களைப் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொருவரையும் காட்டிவிடுகிறேன். போலீசுக்குத் தகவல் சொல்லும் ஆளாக இதில் நடித்திருக்கும் டுங் வாயும் பிற்காலத்தில் ஹாங்காங்கின் முன்னணிச் சண்டை இயக்குநர்களில் ஒருவரானவர். புரூஸ் லீயின் 1973-ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில், 'என்னை உதை' என்று சொல்லி அவர் பாடம் நடத்தித் தலையில் தட்டுவாரே, அந்தச் சிறுவன் இவரேதான்.

படத்தில் காவல் கண்காணிப்பாளராக வருபவர் அசல் போலீஸ்காரர் போலவே இருக்கிறார். எங்கே பிடித்தார்கள்? — ஒரு வாசகர், வேலூர்

காவல் துறையிலேயே பிடித்தார்கள் என்று சொன்னால் பொய்யாகாது. அந்த வேடத்தில் நடித்த பிலிப் சான், ஹாங்காங் காவல் துறையில் அதிகாரியாகப் பணியாற்றிய பிறகு சினிமாவுக்கு வந்தவர். 1976-இல் வெளியான, ஹாங்காங் போலீஸ் படங்களுக்குப் புது வழி காட்டிய ஒரு படத்தின் திரைக்கதையில் பங்காற்றியவரும் அவரே. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கீழ் அதிகாரியைக் கடிந்துகொள்ளும் அந்தத் தோரணையை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது.

இத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவே கதாநாயகிக்கு என்ன வேலை? — ஒரு வாசகி, சேலம்

மிகக் குறைவான வேலைதான். இது படத்தின் மறைக்க முடியாத குறை. காவல் அதிகாரியும் டெக்கீலாவின் காதலியுமாக டெரேசா மோ நடித்திருக்கிறார். கும்பலுக்குள் இருக்கும் காவலர் அவருடைய அலுவலகத்துக்கு வெள்ளை ரோஜாக்களை அனுப்புவார். கூடவே வரும் பாட்டு வரிகளில் ரகசியச் செய்தி பொதிந்திருக்கும். கடைசிப் பகுதியில் பச்சிளங்குழந்தைகளை மருத்துவமனையிலிருந்து வெளியேற்றும் பொறுப்பும் அவருடையது. இவற்றைத் தாண்டி அவருக்கென்று ஒரு மனம் எழுதப்படவில்லை. வூவின் படங்களில் இரண்டு ஆண்களின் நட்பே காதல் கதையின் இடத்தை எடுத்துக்கொள்ளும். பெண் பாத்திரங்கள் ஓரத்தில் நிற்கும்.

அவருடைய திறமைக்கு இது அளவுகோல் ஆகாது. அதே 1992-ஆம் ஆண்டின் சீனப் புத்தாண்டுக்கு வெளியாகி வசூலில் சக்கைப்போடு போட்ட நகைச்சுவைப் படத்தில் லெஸ்லி சியுங்குக்கு ஈடுகொடுத்து அவர் செய்த வேடம் ஹாங்காங் ரசிகர்களுக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. 2018-இல் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை விருதும் பெற்றார். டெக்கீலாவின் காதலியாக அவரை வீணடித்தார்கள் என்பதில் உங்களோடு நானும் உடன்படுகிறேன்.

கும்பல் தலைவனாக வருபவரை வேறு ஒரு படத்தில் நல்ல போலீசாகப் பார்த்த நினைவு. சரியா? — ஒரு வாசகர், புதுச்சேரி

சரியே. அவர் அந்தோணி வோங். தாய் சீனர், தந்தை ஆங்கிலேயர். நடிப்பை முறையாகப் படித்தவர். இந்தப் படத்துக்கு அடுத்த ஆண்டு வெளிவந்த, பலராலும் பார்த்துச் சகிக்க முடியாத ஒரு கொலைகாரன் வேடத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகரானார்.

நீங்கள் சொல்லும் படம் 2002-இல் வந்த 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' ஆக இருக்க வேண்டும். அதில் டோனி லியூங் மீண்டும் கும்பலுக்குள் ஒளிந்திருக்கும் காவலர். அந்தோணி வோங் அவரைக் காக்கும் மேலதிகாரி. பத்து ஆண்டுகளுக்கு முன் யாரை ஏமாற்றி அவர் கும்பலில் இருந்தாரோ, அவரே இப்போது அவருடைய ஒரே நம்பிக்கை. நடிகர் தேர்வில் இப்படியொரு சிரிப்பை ஒளித்துவைத்திருக்கிறார்களே என்று முதல் முறை பார்த்தபோது எனக்குத் தோன்றியது. இருவருக்குமே அந்தப் படம் விருது வாங்கித் தந்தது.

டெக்கீலா கிளாரினெட் வாசிக்கிறார். பின்னணியிலும் ஜாஸ் ஒலிக்கிறது. இசை யார்? — ஒரு வாசகர், திருச்சி

மைக்கேல் கிப்ஸ். இன்றைய ஜிம்பாப்வேயில் 1937-இல் பிறந்த ஜாஸ் இசையமைப்பாளர் அவர். அதிரடிப் படத்துக்கு ஜாஸ் பொருந்துமா என்ற ஐயத்துக்குப் படத்தின் முதல் நிமிடமே பதில் சொல்லிவிடுகிறது. டெக்கீலா மதுவையும் சோடாவையும் ஊற்றி, கண்ணாடிக் குவளையின் வாயைப் பொத்தி, மேசையில் ஓங்கிக் குத்தி, நுரை பொங்கியதும் ஒரே மடக்காகக் குடிக்கிறார். பிறகு மேடையேறி வாசிக்கிறார். அந்த மதுக்கூடத்தின் உரிமையாளராக, முன்னாள் போலீஸ்காரராக வந்து அறிவுரை சொல்பவர் ஜான் வூதான்.

இவ்வளவு புகழும் அந்தக் காலத்திலேயே கிடைத்ததா? படம் ஓடியதா? ஜான் வூ ஏன் ஊரைவிட்டுப் போனார்? — ஒரு வாசகர், ஈரோடு

ஓடியது, ஆனால் கொண்டாடப்படவில்லை. ஹாங்காங்கில் அதன் வசூல் அந்நாட்டு நாணயத்தில் ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம் டாலர். 1986-இல் 'எ பெட்டர் டுமாரோ' ஈட்டிய 3 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு இறங்குமுகம் என்பது விளங்கும். ரசிகர்களின் மனநிலையே மாறியிருந்தது. 1992-இல் ஹாங்காங் திரையரங்குகளை ஆண்டவர் நகைச்சுவை நடிகர் ஸ்டீபன் சோவ். கும்பல் தலைவர்களை வீரர்களாகக் காட்டி இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று தன்மீது வந்த பழிக்குப் பதில் சொல்லவே வூ இம்முறை போலீஸ்காரரை நாயகராக்கினார். அந்தப் பதிலைக் கேட்கப் போதிய கூட்டம் வரவில்லை.

ஹாங்காங் திரைப்பட விருதுகளில் படத்தொகுப்புக்கான விருது மட்டும் இதற்குக் கிடைத்தது. ஜான் வூ, டேவிட் வூ, காய் கிட்-வாய் மூவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். வூ என்று இருவர் இருந்தாலும் உறவினர் என்று எண்ணிவிட வேண்டாம். முடிவுபெறாத திரைக்கதையோடு தொடங்கிய ஒரு படத்தைத் தொகுப்பறையில் உட்கார்ந்து ஒன்றாக்கியவர்களுக்கு அந்த விருது போனதில் நியாயம் இருக்கிறது.

தயாரித்தவர்கள் லிண்டா குக், டெரன்ஸ் சாங் ஆகிய இருவர். பணம் போட்டது கோல்டன் பிரின்சஸ் நிறுவனம். வூவின் முந்தைய வெற்றிகளுக்குத் தயாரிப்பாளராக இருந்த சூய் ஹார்க்கோடு அவருக்கு மனக்கசப்பு ஏற்பட்டுப் பிரிந்த பிறகு, டெரன்ஸ் சாங்தான் அவருக்குத் தோள் கொடுத்தார். படம் முடிந்ததும் இருவரும் அமெரிக்கா போனார்கள். 1993-இல் வூவின் முதல் ஹாலிவுட் படம் வெளியாயிற்று. பிறகு 'ஃபேஸ்/ஆஃப்' வரையிலும் அதற்கு அப்பாலும் இந்த இணை நீடித்தது. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படவிருந்த காலம் அது. ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் சினிமாக்காரர்கள் மட்டுமல்லர்.

சோவ் யுன்-ஃபாட்டும் சில ஆண்டுகளில் ஹாலிவுட்டுக்குப் போய்விட்டார். வூவின் இயக்கத்தில் அவர் நடித்த ஐந்தாவது படம் 'ஹார்ட் பாயில்ட்'. கடைசிப் படமும் அதுவே. லம்மா தீவில் பிறந்து, தொலைக்காட்சித் தொடர்களால் வீட்டுக்கு வீடு அறிமுகமாகியும், 1986-க்கு முன் சினிமாவில் 'வசூலுக்கு நஞ்சு' என்று பெயர் வாங்கியிருந்த நடிகர் அவர். அவரை நட்சத்திரமாக்கியவர் வூ. வூவின் துப்பாக்கிகளுக்கு ஒரு சிரித்த முகத்தைக் கொடுத்தவர் அவர். எரியும் மருத்துவமனையில் கைக்குழந்தையின் காதில் பஞ்சை அடைத்து, அதை நெஞ்சோடு அணைத்தபடி சுட்டுக்கொண்டே வருவார். காலில் பற்றிய தீயைக் குழந்தையின் சிறுநீர் அணைத்துவிட, நன்றி சொல்வது போல அதைப் பார்ப்பார். வேறொரு நடிகர் செய்திருந்தால் அரங்கம் கேலி செய்திருக்கும். சோவ் செய்ததால் சேர்ந்து சிரித்தது.

இரண்டாம் பாகம் வந்ததா? — ஒரு வாசகர், நாகர்கோவில்

திரைப்படமாக வரவில்லை. 2007-இல் 'ஸ்ட்ராங்கிள்ஹோல்ட்' என்ற வீடியோ விளையாட்டாகத் தொடர்ச்சி வந்தது. அதில் டெக்கீலாவின் முகமும் குரலும் சோவ் யுன்-ஃபாட்டுடையவை. வூவின் பெயரிலேயே அதை வெளியிட்டார்கள். தம்பி ஒருவர் வீட்டில் அதை விளையாடிப் பார்த்ததில், தேநீர் மாளிகைப் படிக்கட்டு போன்ற ஒரு கைப்பிடியில் மட்டும் என்னால் ஒழுங்காகச் சறுக்க முடிந்தது.